கைக்கு வந்த கியர்

மோட்டார் சைக்கிளில் கியர் மாற்றுவது காலின் வேலை. அதே என்ஜினைக் கழற்றி நாலு சக்கர ரேஸ் காரில் வைத்தால்? கால்கள் பெடல்களுக்குப் போய்விடுகின்றன. என்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். கியர் கைக்கு வந்தாக வேண்டும். கையிலிருந்து கியர்பெட்டி வரை இணைப்பு போட எந்தக் கடையிலும் ரெடிமேட் சாமான் கிடைப்பதில்லை.

பெங்களூர் ஆர்.வி. பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2003-ல் தொடங்கிய அஷ்வா ரேசிங் போன்ற அணிகளுக்கு இது பழகிப்போன தலைவலி. அமெரிக்காவில் 1981-ல் ஆரம்பித்த 'ஃபார்முலா எஸ்.ஏ.இ.' போட்டியின் விதிப்படி மாணவர்களே ஒற்றை இருக்கைக் காரை வடிவமைத்துக் கட்ட வேண்டும். அதே பாணியில் 'சுப்ரா' போட்டி இந்தியாவுக்கு 2011-ல் வந்தது. என்ஜின் 710 சி.சி.யைத் தாண்டக் கூடாது என்பதால் பெரும்பாலோர் நாடுவது பைக் என்ஜினைத்தான்.

பைக் கியர்பெட்டி படிக்கட்டு மாதிரி. நான்காவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவ முடியாது. லீவரை ஒரு முறை தள்ளினால் உள்ளே பள்ளம் வெட்டிய உருளை ஒரு படி சுழலும். ஒரு கியர் மாறும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே, அரைப்படியில் நியூட்ரல். கை தரும் அசைவு சற்றே குறைந்தாலும் கியர் விழாது. என்ஜின் அலறும், வண்டி நகராது.

லீவரை நீளமாக்கினால் கைக்குச் சுமை குறையும், ஆனால் கை நகர வேண்டிய தூரம் கூடும். குறுகிய காக்பிட்டில் அதற்கு இடமில்லை. போதாக்குறைக்கு, ஓட்டுநர் 5 விநாடிக்குள் வெளியேற வேண்டும் என்பது விதி. முழங்காலில் இடிக்கிற லீவர் அங்கே ஆபத்து.

அடுத்த கேள்வி: கம்பியா, கேபிளா? நேரான கம்பி துல்லியமானது. ஆனால் நீண்ட மெல்லிய கம்பி தள்ளும்போது வளையும். கேபிள் எந்தச் சந்திலும் நுழையும். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் உராய்வு. மூட்டுக்கு அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் நான்கு மூட்டுகளில் 2 மி.மீ. காணாமல் போகும். வசதியுள்ள அணிகள் ஸ்டியரிங்கின் பின்னால் துடுப்பு வைத்து, அழுத்திய காற்றால் கியர் மாற்றுகின்றன. அதில் சிலிண்டரின் எடையைச் சுமக்க வேண்டும். காற்று தீர்ந்தால் கியரும் தீர்ந்தது. பட்டறையில் அலட்சியமாக விட்ட அந்த 2 மி.மீ., சுமார் 22 கி.மீ. நீளும் தாங்குதிறன் ஓட்டத்தில் ஒரு வருட உழைப்பையே கவிழ்த்துவிடலாம்.

பெங்களூருக்குச் சின்னக் கார் புதிதல்ல. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டனை ஒட்டி, ஃபைபர் உடலோடு 'டால்ஃபின்' காரை 1980-களில் தயாரித்தது இங்கிருந்த சிபானி நிறுவனம். எடை குறைந்த அந்தக் கார் சோழவரம் பந்தயங்களில் பெயர் வாங்கியது. அருகிலேயே பீன்யா, லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பஞ்சமில்லை. ஆனால் சொந்தமாகக் கட்டிய காரோடு சாலைக்கு வருவது குதிரைக்கொம்பு. விற்ற வண்டியைக்கூட, தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து இஷ்டப்படி மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தக் கைவேலைக்குப் பந்தயத் தடமே புகலிடம்.

இப்போது அங்கும் காட்சி மாறுகிறது. கிளட்ச் இல்லாத, கியர் மாற்றத் தேவையில்லாத ரேவா மின்சாரக் கார் 2001-லேயே பெங்களூரிலிருந்து வந்தது. மாணவர் போட்டிகளிலும் மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. அவற்றின் ஆக்சிலரேட்டர் பெடலில் குறைந்தது இரண்டு சென்சார்கள் கட்டாயம். இரண்டின் அளவும் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டு, விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நீடித்தால் மோட்டாருக்கு மின்சாரம் நிற்க வேண்டும். லீவர் போனாலும் ஆட்டத்தை அளக்கும் வேலை போகவில்லை. மில்லிமீட்டரில் அளந்ததை இனி வோல்ட்டில் அளக்க வேண்டும், அவ்வளவுதான்.