'முதிர்கன்னி' என்னும் சொல்லும் தரிகொண்ட வெங்கமாம்பாவும்

மணமாகாத பெண்ணைக் குறிக்க 'முதிர்கன்னி' என்றொரு சொல் தமிழில் பெருவழக்கில் உண்டு. அதே வயது ஆணுக்கு அத்தகைய சொல் வேரூன்றவில்லை. அவன் 'தனிக்கட்டை' என்று செல்லமாகவே சுட்டப்படுகிறான். ஒருவர்க்கு இரக்கம், மற்றவர்க்கு விடுதலை. கருத்தரங்க மேடையில் பெண்ணியம் பேசிவிட்டுத் தேநீர் இடைவேளையில் ஆய்வு மாணவியிடம் "கல்யாணச் சாப்பாடு எப்போது?" என வினவும் பேராசிரியர்களும் இவ்வகராதியையே புரட்டுகின்றனர்.

திருப்பதியில் இக்கேள்வி கேட்கப்படுவது பெரும் வேடிக்கை. 'கல்யாணம்' என்னும் வடசொல்லின் முதற்பொருள் மங்கலம்; தமிழிலும் தெலுங்கிலும் அது பெரும்பாலும் திருமணமாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் திருமலையில் முடி காணிக்கை செலுத்துமிடத்தின் பெயர் கல்யாணக்கட்டா. மணமாகாதோரும் அங்கே 'கல்யாணம்' முடித்து மனநிறைவோடு இறங்குகின்றனர். மணம் புரிந்த வேங்கடவனோ, தலபுராணத்தின்படி, திருமணச் செலவுக்குக் குபேரனிடம் பெற்ற கடனுக்கு இன்றளவும் வட்டி செலுத்திக்கொண்டிருக்கிறான்.

தனித்து வாழும் பெண்ணின் நிறைவை மேற்கத்திய இறக்குமதி என்போர், பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டவை நோக்குக. 1730இல் அங்குப் பிறந்த வெங்கமாம்பா இளமையிலேயே கணவனை இழந்தவர். கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட தலைமழிப்பை அவர் ஏற்கவில்லை. ஊர் பழித்தது, அவர் திருமலை சென்றார். 'வேங்கடாசல மாகாத்மியம்' உள்ளிட்ட நூல்களை இயற்றி 1817 வரை வாழ்ந்தார். இரவில் நிகழும் ஏகாந்த சேவையில் அவர் பெயரால் இன்றும் 'முத்யால ஹாரத்தி' எடுக்கப்படுகிறது. நாள்தோறும் பல்லாயிரவர் உண்ணும் அன்னதானக் கூடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தனிப்பெண்ணின் எதிர்காலத்தை எண்ணிக் கவலையுறும் உறவினர்களும் அங்கேதான் உண்டு எழுகின்றனர்.

'அவரும் வேங்கடவனைக் கணவனாகக் கொண்டவரன்றோ?' எனலாம். உண்மை, அது அவருடைய பக்தி, அதைக் குறைத்துரைப்பது முறையன்று. ஆனால் அந்த உறவைத் தேர்ந்தவர் அவரே. தரகரோ ஊரோ அன்று. இங்கு வழக்காடப்படுவதும் அத்தேர்வுரிமையே.

திருமணம் பழிக்கத்தக்கதன்று, மணமாகாமையை நோயாகக் கருதி நலம் விசாரிக்கும் வழக்கமே பழிக்கத்தக்கது. 'தனி' என்னும் அடியிலிருந்து 'தனிமை'யும் பிறக்கிறது, 'தனிச்சிறப்பு'ம் பிறக்கிறது. தம் வாழ்வு எச்சொல்லுக்கு உரியது என்பதை வாழ்பவரே சொல்லட்டும். பேராசிரியர்களுக்குக் கேட்காமல் இருக்க இயலாதெனில், ஆய்வேட்டின் மூன்றாம் இயல் எப்போது முடியும் எனக் கேட்கலாம். அதுவே போதிய துன்பம் தரும்.