நின்றும் போகாத கன்டெய்னர்கள்

2013இல் டாக்கர் வந்ததிலிருந்து, கன்டெய்னரை ஓடவிட ஒரு வரி போதும். ஒழிக்கத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை. 'டாக்கர் பிஎஸ்' என்று தட்டினால் ஓடிக்கொண்டிருப்பவை மட்டுமே தெரியும். நின்றுபோனவை, தாம் எழுதிய கோப்புகளோடும் லாக்குகளோடும், டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். அவற்றைப் பார்க்க '-ஏ' சேர்க்க வேண்டும். இந்த ஒளிவுமறைவு எனக்குப் பிடிக்கவில்லை. டிஸ்க் நிரம்பி சர்வர் திணறும்போதுதான் பலர் 'சிஸ்டம் ப்ரூன்' கட்டளையைத் தேடி ஓடுகிறார்கள். அது நின்ற கன்டெய்னர்கள் அத்தனையையும் துடைத்துவிடும்; நாளை மறுபடி ஓட்டலாம் என்று நிறுத்தி வைத்ததும் சேர்ந்தே போகும். (டேட்டாபேஸ் இருக்கும் வால்யூம்களை, நாம் சொல்லாமல் தொடாது. அந்த மட்டில் புண்ணியம்.) சும்மா சோதித்துப் பார்க்கத்தான் என்றால் 'ரன்' கட்டளையிலேயே '--ஆர்எம்' போட்டுவிடுங்கள், வேலை முடிந்ததும் கன்டெய்னர் தானே அழிந்துவிடும். டாக்கருக்குப் பதில் பாட்மேனில் கன்டெய்னர் ஓட்டுபவர்களுக்கும் இதே வழிதான்.