தார்ச்சாலையோடு நின்றுவிடும் தர்மம்

ரமழான் வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிவாசல்களில் வசூலுக்குக் குறைவிருக்காது. ஜகாத், ஃபித்ரா, நோன்புக் கஞ்சி, மதரஸா நிதி என்று ஒரே மாதத்தில் நம் குடும்பங்களிலிருந்து பெரிய தொகை வெளியே போகிறது. கொடுப்பதில் நம் மக்கள் பின்வாங்குவதில்லை. ஆனால் அந்தப் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்று வழிகள்தான் தெரிகின்றன.

ஒன்று, பள்ளிவாசல் வாசலில் வந்து கேட்பவர்களும் நம் தெருவில் நாம் அறிந்த ஏழைகளும். இரண்டு, சொந்த ஊர். இந்தப் புறநகரில் குடியேறியவர்களில் பலர் ராமநாதபுரம், தஞ்சை, நெல்லை, வேலூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அவர்கள் தங்கள் உறவினரை நினைப்பது இயல்பு, மார்க்கம் விரும்புவதும் அதுதான். மூன்று, புயல், வெள்ளம் என்று செய்தி வரும்போது கிளம்பும் நிவாரணம்.

இந்த மூன்றிலும் வராத ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் வாசலில் வந்து கேட்பதில்லை. நமக்கு உறவும் இல்லை. அவர்கள் ஊர் செய்தியிலும் வருவதில்லை. கேட்கத் தயங்குவதால் வசதியானவர்கள் என்று பிறர் நினைத்துவிடும் ஏழைகளைப் பற்றி அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனத்தில் குறிப்பாகச் சொல்கிறான். நம் மாவட்டத்தின் உள்கிராமங்களில் இருப்பவர்கள் இந்த வகையினர்.

புயல்கள் கற்றுத் தந்தது

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தமிழகம் முழுவதிலிருந்தும் நிவாரண வண்டிகள் டெல்டாவுக்குப் போயின. பல வண்டிகள் பிரதான சாலையோரக் கிராமங்களிலேயே மறிக்கப்பட்டன. அங்கும் பசி இருந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே இருந்த குக்கிராமங்களுக்கு உதவி போய்ச் சேர நாட்கள் பிடித்தன. அதற்கு முன் 2004 சுனாமியின்போது தேவையில்லாத பழைய துணிகள் நாகைச் சாலையோரங்களில் குவிந்து வீணானதையும் பார்த்தோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையில் நம் கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளே தண்ணீரில் நின்றன. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. மழை கொட்டியது. தங்கள் வீடு காயும் முன்பே தென்மாவட்டங்களுக்குப் பொருள் அனுப்பிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம், உதவி எப்போதும் வண்டி போகும் தூரத்தோடு நின்றுவிடுகிறது என்பதே. வண்டி நிற்கும் இடத்திலிருந்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க அந்த ஊரை அறிந்த ஒருவர் முன்கூட்டியே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தொடர்பைப் புயல் வந்த பிறகு உண்டாக்க முடியாது.

நம் பக்கத்திலேயே இருப்பவர்கள்

அம்பத்தூர் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் இன்றும் அதே மாவட்டம்தான். மாவட்டத்தின் தெற்கு ஓரம் தொழிற்பேட்டையும் அடுக்குமாடியுமாக வளர்ந்துவிட்டது. வடக்கே கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் கதை வேறு.

பழவேற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அங்கே இருக்கிறது. கடல் வணிகக் காலம் தொட்டு முஸ்லிம்கள் வாழும் ஊர். இன்று அங்கே ஏரியை நம்பி மீன்பிடிக்கும் குடும்பங்களும் பனை ஓலை முடைந்து கூடையும் பெட்டியும் செய்யும் முஸ்லிம் பெண்களும் இருக்கிறார்கள். முகத்துவாரத்தை மணல் மூடினால் ஏரிக்குள் மீன்வரத்து குறைகிறது, வருமானமும் விழுகிறது. ஓலைக்கூடைக்கு நகரத்தில் கிடைக்கும் விலையில் எவ்வளவு அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது என்பது வாங்கும் நமக்குத் தெரியாது.

இதே மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனாலும் ஒரு மருத்துவச் செலவுக்கோ திருமணத்துக்கோ வாங்கிய சிறு முன்பணம் குடும்பத்தையே கட்டிப்போடுகிறது.

ஜகாத் வெளியூர் போகலாமா?

இந்தக் கேள்வி எழும், எழவும் வேண்டும். முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, அங்குள்ள செல்வந்தரிடம் பெறும் ஜகாத்தை அங்குள்ள ஏழைகளுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இதன் அடிப்படையில் ஷாஃபிஈ மத்ஹபில், உள்ளூரில் தகுதியானவர் இருக்கும்போது ஜகாத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது வலுவான கருத்து. ஹனஃபி மத்ஹபில் அது விரும்பத்தகாதது. ஆனால் உறவினருக்கோ அதிகத் தேவை உள்ளவர்களுக்கோ அனுப்பினால் அந்தக் குறை இல்லை. வேறு சில அறிஞர்கள் கஸ்ர் தொழுகைக்கான பயண தூரத்தை எல்லையாக வைத்தார்கள். பழவேற்காடும் கும்மிடிப்பூண்டியும் நமக்கு அந்தத் தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் முஆத் (ரலி) யமனின் ஜகாத்தில் ஒரு பகுதியை மதீனாவுக்கு அனுப்பினார்கள். கலீஃபா அதை ஏற்காமல் கேள்வி கேட்டார்கள். இங்கே வாங்குவதற்கு ஆளில்லாததைத்தான் அனுப்பினேன் என்று முஆத் (ரலி) விளக்கம் சொன்னதாக அபூ உபைதின் கிதாபுல் அம்வாலில் வருகிறது. உள்ளூரைப் பட்டினி போட்டு வெளியே அனுப்பக் கூடாது என்பதும், உள்ளூரில் மிஞ்சியதை வெளியே அனுப்பத் தடையில்லை என்பதும் இதிலிருந்து விளங்குகின்றன. உங்கள் மஹல்லாவின் நிலையை அறிந்த இமாமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முஸ்லிம் அல்லாத ஏழைகளுக்கு ஜகாத் கொடுப்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆனால் ஸதகாவுக்கு அந்தத் தடை இல்லை. நம்மோடு பகைமை பாராட்டாதவர்களுக்கு நன்மை செய்வதை அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் அனுமதிக்கிறது. ஆகவே ஓர் இருளர் குடியிருப்புப் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு நம் ஸதகா தாராளமாகப் போகலாம்.

கடனாளியை மறந்துவிடுகிறோம்

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு. நம் பட்டியல்களில் இவர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. மளிகைப் பையும் புடவையும் கொடுத்துவிட்டு நிம்மதியடைகிறோம். அந்தப் புடவையை வாங்கிய சகோதரி வாரந்தோறும் குழுக்கடன் தவணை கட்ட முடியாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கக் கூடும்.

கடன் வசூலில் மிரட்டல், வற்புறுத்தலைத் தண்டிக்கத் தமிழ்நாடு அரசு 2025ல் தனிச் சட்டம் இயற்றியதே இந்தத் துன்பம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்குச் சான்று. சட்டம் மிரட்டலைத்தான் தடுக்கும், கடனை அடைக்காது. ஒரு கிராம ஜமாஅத்திடம், வட்டிக் கடனில் மூழ்கிய ஐந்து குடும்பங்களைக் காட்டுங்கள் என்று கேட்டு, அசல் எவ்வளவு மிச்சம் என்று சரிபார்த்து, ஆண்டுக்கு ஒன்றிரண்டு கடன்களை முழுதாக அடைத்துவிடலாம். ஐம்பது வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் இருநூறு ரூபாயைவிட ஒரு குடும்பத்தின் கழுத்துக் கயிற்றை அறுக்கும் பத்தாயிரம் நீடித்து நிற்கும்.

ஒன்று மூன்றாகும் வழி

பலருக்குத் தெரியாத ஒரு வாசலும் இருக்கிறது. தமிழகத்தில் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இயங்குகிறது. விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற முதிய பெண்கள் ஆகியோருக்குத் தையல் இயந்திரம், சிறுதொழில் உதவி போன்றவற்றை வழங்குவது இதன் வேலை. சங்கம் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக அரசு இணை மானியம் தருகிறது. ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் என்ற கணக்கில், ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை அந்த மானியம் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது குடும்பங்கள் மாதம் 500 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். இணை மானியம் சேர்ந்தால் 3 லட்சத்து 60 ஆயிரம். ஜகாத் பணத்தை இதில் சேர்க்கலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஸதகாவுக்கு இது பொருத்தமான இடம். ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விவரம் கேட்டு, ரசீதோடு கொடுங்கள்.

இதேபோல 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தில், கிராமத்து அரசுப் பள்ளி ஒன்றை நாமே தேர்ந்தெடுத்து இணையம் வழியாக உதவலாம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிறது.

பணம் இல்லாத நன்கொடை

வக்ஃப் சொத்து விவரங்களைப் பதிவேற்ற ‘உம்மீத்’ இணையதளம் 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்டு, ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அதை நீட்டிக்க உச்ச நீதிமன்றம் டிசம்பர் 1 அன்று மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை நாடலாம் என்றது. கணினியே இல்லாத, முத்தவல்லிக்குப் பழைய ஆவணம் எங்கே இருக்கிறது என்று தெரியாத சிறு ஜமாஅத்துகளுக்கு இது எவ்வளவு பெரிய சுமை! அரை ஏக்கர் கபரஸ்தானும் ஒரு சிறு பள்ளிவாசலுமே அவர்களின் சொத்து. நம் வட்டாரத்தில் கணினித் துறையில் வேலை செய்யும் பிள்ளைகளும் வழக்கறிஞர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தால் அது பெரிய ஸதகா.

கொடுக்கும் முறை

ஒவ்வொரு நகர ஜமாஅத்தும் ஒரே ஒரு கிராம ஜமாஅத்தோடு நிரந்தர உறவு வைத்துக்கொள்வது முதல் படி. ஆண்டுக்கு இரண்டு முறை நேரில் போய் வாருங்கள். தேவையை அவர்களே சொல்லட்டும். பணத்தை வங்கி வழியாக அனுப்பி, கணக்கை ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

வருமான வரிச் சலுகையை எதிர்பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய வரி முறையில் 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சம்பாத்தியத்தை வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் எஃப்சிஆர்ஏ அனுமதி உள்ள அமைப்புக்கே போக வேண்டும். இதில் அலட்சியம் செய்தால் வாங்கும் அறக்கட்டளைக்குத்தான் சிக்கல்.

குர்பானியையும் இந்த உறவுக்குள் கொண்டுவரலாம். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி நிறையும் அந்த நாட்களில், ஒரு பங்குகூடக் கொடுக்க வசதியில்லாத கிராமங்கள் இருக்கின்றன. பங்கை அங்கேயே அறுத்துக் கொடுக்கச் செய்யலாம்.

கடைசியாகப் புகைப்படம். கொடுப்பவரின் கையும் வாங்கும் சகோதரியின் முகமும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது உதவி அல்ல. மறைவாகக் கொடுப்பதைச் சிறந்ததாகச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. கணக்கைக் காட்டினால் போதும், முகத்தைக் காட்ட வேண்டாம்.

அடுத்த ரமழான் வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. வரும் ஜமாஅத் கூட்டத்தில் ஒரு கிராமத்தின் பெயரை எழுதி வையுங்கள். அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துக் கிளம்புங்கள். நம் செல்வத்தில் கேட்பவருக்கும் கேட்காதவருக்கும் உள்ள உரிமையை முறையாகச் சேர்ப்பிக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.