வெள்ளம் வடிந்த பின் ஒரு கிணறு

பெருமழை ஓய்ந்ததும் மேலைநாடுகளில் வாழும் நண்பர்கள், வீட்டு நிலவறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாகத் தொலைபேசியில் குறைபடுவார்கள். நாவிதன்வெளியில் நிலவறையுள்ள வீடு எதையும் நான் கண்டதில்லை. எங்கள் வளவுகளில் நிலத்துக்குக் கீழே இருப்பவை இரண்டுதான்: கிணறும் மலசலகூடக் குழியும். வெள்ளம் வந்தால் அவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

கிட்டங்கித் தாம்போதி நீரில் மூழ்கி, கல்முனைக்கான போக்குவரத்து துண்டிக்கப்பட்டதாகப் பல மாரிகளில் செய்தி எழுதியிருக்கிறேன். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. அதில் வந்த மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்த துயரை நாடே அறிந்தது. வெள்ளம் நிற்கும்வரை நாங்களும் நிற்போம். அது வடிந்தால் பத்திரிகையாளர்களும் வடிந்துவிடுகிறோம். வீட்டுக்காரருக்கோ அன்றுதான் வேலை தொடங்குகிறது.

இதை நான் கற்றது 2011 ஜனவரியில். கிழக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்த வெள்ளம் அது. முகாமிலிருந்து திரும்பியபோது வீட்டுக்குள் முழங்காலளவு அடையாளமும் விரலளவு சேறும் இருந்தன. கிணற்று நீர் தேயிலைச் சாயம்போல் கிடந்தது. வாடகைக்கு நீர்ப்பம்பியொன்றை எடுத்துவந்து அன்றே இறைக்கத் தொடங்கினேன்.

அயல்வீட்டு முதியவர் வேலியோரம் வந்து நின்றார். கிணறு வெட்டியே பிள்ளைகளை வளர்த்தவர்.

"தம்பி, வயலுக்குள்ள தண்ணி நிக்கக்குள்ள கிணத்த வத்தப் பண்ணாதீங்க. ரெண்டு கிழமை பொறுங்க" என்றார்.

படித்தவன் என்ற மிதப்பில் நான் கேட்கவில்லை. மறுநாட் காலை சீமெந்து வளையங்களில் இரண்டு விலகி, அடியில் மணல் ஏறிக் கிடந்தது. அந்தக் கிணற்றை மீட்க எனக்கு இரண்டு மாதச் சம்பளம் போயிற்று.

காரணம் எளியது. சுற்றியுள்ள மண் நீரில் ஊறியிருக்கையில் கிணற்றை வெறுமையாக்கினால், வெளியிலிருந்து அழுத்தும் நீருக்கு உள்ளே எதிர்ப்பு இருக்காது. வளையம் விலகும், மணல் உள்ளே பாயும். குழியின் கழிவு கலந்த நிலத்தடி நீரும் கிணற்றை நோக்கி விரைந்து ஊறும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இதே கரையோரத்தில் உப்பை அகற்றுவதற்காகக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறும் என்று ஆய்வாளர்கள் பின்னர் எச்சரித்தார்கள். அந்த முதியவர் அவர்களது அறிக்கைகளை வாசித்தவரல்லர்.

வெளியே நிலத்தடி நீர் இறங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு சிறிது சிறிதாக இறைத்துச் சேற்றை அள்ள வேண்டும். உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, கிணற்றின் கொள்ளளவுக்கேற்பக் குளோரின் இட்டு, ஒரு நாள் விட்டு, மணம் போகும்வரை மீண்டும் இறைக்க வேண்டும். அதுவரை குடிப்பதற்கு வெளியிலிருந்து வரும் சுத்தமான நீர் வேண்டும். இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது; அதன் புகை ஆளைக் கொல்லும்.

இவ்வளவையும் ஒரு கூலிக் குடும்பம் தனித்துச் செய்ய முடியுமா? நிவாரணம் என்றால் எங்கள் அதிகாரிகளுக்கு உலர் உணவுப் பொதி நினைவுக்கு வருகிறது. அரிசியும் பருப்பும் வேண்டியவையே, மறுக்கவில்லை. ஆனால் அந்த அரிசியை எந்த நீரில் உலை வைப்பது?

நான் கேட்பது பெரிதன்று. மாரி தொடங்குமுன்பே சவளக்கடையிலும் அன்னமலையிலும் மத்தியமுகாமிலும் குளோரினும் நீர்ப்பம்பிகளும் இருப்பில் இருக்கட்டும். பாதை மூழ்கிய பிறகு அவற்றைக் கல்முனையிலிருந்து கொண்டுவர நினைப்பது மதியீனம். கிராம சேவகரின் சேதப் பட்டியலில் வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அடுத்ததாகக் கிணற்றுக்கும் ஒரு நிரல் இருக்கட்டும். வெள்ளம் வடிந்து இரண்டு கிழமை கழித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வளவு வளவாக வரட்டும்.

அன்று அவருடன் செய்தியாளர் ஒருவரும் வரவேண்டும். முப்பது ஆண்டுகளில் நான் எழுதாமல் விட்ட செய்தி அதுதான்.