ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் ஓடலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பிள்ளை வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறானாம். படுக்கப் போகும்போது கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லையாம். "தீப்பிடிச்சா வீடே போயிடும்டா" என்று அப்பா சத்தம் போடுகிறார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று பிள்ளை சிரிக்கிறான். நடுவில் தூக்கம் கெட்டுப் போவது தாயாருக்கு. 'இதற்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நடு ராத்திரியில் எழுந்து போய்க் கம்ப்யூட்டரை அணைத்து, பேத்தியின் வேலையைப் பாழாக்கிய புண்ணியவதி நான்தான்!

என் மகன் வயிற்றுப் பேத்தி, கட்டடங்களை நேரில் நிற்கிற மாதிரி கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை பார்க்கிறாள். ஒரு படம் முழுசாகத் தயாராக ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். அதனால் ராத்திரி ஓட விட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். காரைக்குடியில் எங்களுடையது பழைய வீடு. நிலை, கதவு, தூண் எல்லாம் பர்மா தேக்கு. படுக்குமுன் ஒவ்வொரு ஸ்விட்சாகப் பார்த்து அணைப்பது நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளில் மாமியார் கற்றுக் கொடுத்த பழக்கம். அன்றைக்கு மணி ஒன்று இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவள், அவள் அறையில் 'ம்ம்' என்று ஒரு இரைச்சலும் சின்ன நீல வெளிச்சமும் வருவதைப் பார்த்தேன். 'பிள்ளை மறந்துட்டுத் தூங்கிருச்சு போல' என்று சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வந்து படுத்துக்கொண்டேன்.

காலையில் அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பத்து மணிக்கு அனுப்ப வேண்டிய படமாம். அன்று பகல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் செஞ்சது தப்புதான் ஆத்தா. ஆனா தீப்பிடிச்சா என்ன செய்யிறது?" என்று சாயங்காலம் கேட்டேன். "சரி அப்பத்தா, ஆளை வரச் சொல்லிப் பாத்துருவோம்" என்றாள். மறுநாள் எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆச்சி, கம்ப்யூட்டர் ஒழுங்காத்தான் இருக்கு. நீங்க இதைப் பாருங்க" என்று மேஜைக்குப் பின்னாலிருந்த ப்ளக் பாயிண்டைக் காட்டினார். ஒரு துவாரத்தைச் சுற்றிக் கறுத்து, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது! அதில் செருகிய ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கம்ப்யூட்டர், இரண்டு போன் சார்ஜர், போதாததற்கு என்னுடைய இஸ்திரிப் பெட்டி. கம்ப்யூட்டர் இழுப்பது சாதாரணமாக 100 வாட். பேத்தியுடையதைப் போல இரவெல்லாம் கடுமையாக உழைத்தால் 300, 400 வாட். இஸ்திரிப் பெட்டி 1000 வாட். கருக்கிய பாவம் என் இஸ்திரிப் பெட்டியுடையது, பழி கம்ப்யூட்டருக்கு!

அந்தத் தம்பி சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது ஒன்று. "எங்க வீட்டில்தான் ட்ரிப்பர் போட்டிருக்கே" என்று நாம் தைரியமாக இருக்கிறோம் அல்லவா? அளவுக்கு மேல் கரண்ட் போனால் எம்.சி.பி. விழும். மின்சாரம் கசிந்தால், 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே ஆர்.சி.சி.பி. விழும். இரண்டும் வீட்டில் இருக்க வேண்டியவைதான். ஆனால் ப்ளக் தொளதொளவென்று இருந்து அந்த இடம் சூடேறுகிறதே, அதில் கரண்ட் கூடுவதும் இல்லை, கசிவதும் இல்லை. ஆகவே இரண்டுமே விழாது. சத்தமில்லாமல் உருகிக் கொண்டிருக்கும். நம்முடைய பழைய வீடுகளில் சுவரில் மரப்பட்டை அடித்து வயர் ஓட்டியிருப்பார்கள். வயரின் மேலிருக்கும் ரப்பர் இத்தனை வருஷத்தில் பொரபொரவென்று உதிரும். பல பாயிண்டுகளுக்கு எர்த்தே கிடையாது. எர்த் இருந்தாலும், கோடையில் குழி காய்ந்து போனால் அது வேலை செய்யாது. வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வாசல் தெளிக்கும்போது நினைவு வைத்துக் கொண்டால் போதும்.

பெட்டியில் ஓடும் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே விசிறி இருக்கிறது. அளவுக்கு மேல் சூடானால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதற்கு நாம் செய்ய வேண்டியது மூச்சு விட இடம் கொடுப்பது. பின்னால் ஒரு சாண் இடைவெளி வேண்டும். ஜன்னல் திரை அதன்மேல் தொங்கக் கூடாது. எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி விசிறியில் அப்பிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

வேலை எதுவும் ஓடாதபோதும் விட்டுவைப்பது வெறும் சோம்பேறித்தனம். 100 வாட், எட்டு மணி நேரம் என்றால் ஒரு ராத்திரிக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல். மாதத்துக்கு 24 யூனிட். 'ஸ்லீப்' என்று தூங்க வைத்தால் ஒன்றிரண்டு வாட்டோடு போயிற்று. காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் என்னைப் போலச் சுவர் ஸ்விட்சைத் தட்டாதீர்கள். பாதி எழுதிய விஷயம் கெடும்.

இடி மின்னல் சமயம் வேறு கதை. ஐப்பசி மழையிலும் சித்திரைக் கோடையிடியிலும் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடிச்சத்தம் நெருங்குமுன்பே ப்ளக்கையும், இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கி வைத்துவிட வேண்டும். அதன் வழியாகவும் மின்னல் வரும். தலைக்கு மேல் இடிக்க ஆரம்பித்த பிறகு ஒயரைத் தொடாதீர்கள்.

இனி லேப்டாப். பெட்டிக் கம்ப்யூட்டரைவிட இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. காரணம் இதற்குள் இருக்கும் லித்தியம் பாட்டரி. எங்கள் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். சிக்ரி என்றால் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். லித்தியம் பாட்டரி ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. பாட்டரிச் சந்தேகத்துக்கு இந்த ஊரில் ஆள் தேட வேண்டுமா என்ன!

"ஆச்சி, ராத்திரி முழுக்க சார்ஜில் இருக்கிறதால மட்டும் வெடிக்காது. நிறைஞ்சதும் உள்ளே இருக்கிற சர்க்யூட் நிறுத்திரும். ஆனா நிறைஞ்சபடியே சூட்டிலேயும் இருந்தா பாட்டரி சீக்கிரம் கிழடாகும்" என்றார். பல லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதி இருக்கிறது, பிள்ளைகளைப் போட்டுத் தரச் சொல்லுங்கள் என்றார். மெத்தை மேலோ, தலையணை மேலோ வைத்து சார்ஜ் செய்வது மட்டும் கூடவே கூடாதாம். அடியில் காற்றோட்டம் அடைபட்டு, சூடு வெளியே போக வழியில்லாமல் போகும். எங்கள் வீட்டுப் பெண் அப்படித்தான் செய்து கொண்டிருந்தாள். இப்போது லேப்டாப்புக்கு இடம் ஆத்தங்குடித் தரை அல்லது மேஜை. சார்ஜரும் கம்பெனி சார்ஜர்தான், கடைத்தெரு மலிவுச் சரக்கு இல்லை.

பாட்டரி செய்யும்போதே குறை இருந்தால் நம் ஜாக்கிரதையை மீறியும் கெடும். 2006-ல் டெல் கம்பெனி, சோனி செய்து கொடுத்த 41 லட்சம் லேப்டாப் பாட்டரிகளைத் தீப்பிடிக்கும் அபாயம் என்று திரும்ப வாங்கிக்கொண்டது. அப்படிக் கெடுவதற்கு முன்னால் சில பாட்டரிகள் நமக்கு ஒரு அடையாளம் காட்டும். சில காட்டாது.

தேவகோட்டைச் சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு இப்போது வருகிறேன். 'அவன் பழைய லேப்டாப் ஒன்றையும் ராத்திரி சார்ஜில் போடுகிறான். அது இப்போதெல்லாம் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடுகிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களை அதிகம் கவலைப்படுத்தியது இரைச்சல் போடும் பெட்டிதான். ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது இந்த வரிதான். அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். உப்பியிருந்தால் பாட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, துணிமணி, பேப்பர் எதுவும் பக்கத்தில் இல்லாத வெறும் தரையில் வையுங்கள். அமுக்கிப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது, 'இன்னும் ஒரு நாள் ஓட்டிக்கிறேன்' என்பது எதுவும் வேண்டாம். பாட்டரியைக் கடையில்தான் மாற்ற வேண்டும். பழையதைக் குப்பையில் போடாமல் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

கடிதத்துக்குத் தனியாகவும் தபாலில் பதில் போட்டிருக்கிறேன். அது இந்த இதழுக்கு முன்னாலேயே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். பாட்டரி மாற்றியதும் ஒரு வரி எழுதுங்கள்.