பைபிள் கல்லூரியில் சேர ஒரு கையெழுத்து: அது எதுவரை செல்லும்?

புது வேலையில் சேரும்போது ஆஃபர் லெட்டரோடு ஒரு நீளமான ஹெச்ஆர் பாலிசியும் வரும். நம்மில் பலர் அதைப் படிப்பதே இல்லை. கடைசிப் பக்கம் வரை ஸ்க்ரோல் செய்து கையெழுத்துப் போட்டுவிடுவோம். ஆபீஸை விட்டு வெளியே வந்த பிறகு நாம் என்ன குடிக்கிறோம், யாரோடு பழகுகிறோம் என்பதையெல்லாம் அது கேட்காது என்ற தைரியம்தான் காரணம்.

அமெரிக்காவில் ஊழியப் பயிற்சி தரும் ஒரு பைபிள் கல்லூரியில் சேரும் 18 வயது மாணவர் போடும் கையெழுத்து வேறு மாதிரி. மது, புகை, சூதாட்டம், திருமணத்துக்கு வெளியே பாலுறவு, இரவு விடுதிக்குத் திரும்பும் நேரம் எல்லாமே அதில் வரும். பல கல்லூரிகளில் இந்த விதிகள் கேம்பஸுக்கு வெளியேயும் பொருந்தும்.

'இந்தக் காலத்துல இப்படியா?' என்று சிலருக்குத் தோன்றும். 'விரும்பித்தானே சேருகிறார்கள், நமக்கென்ன?' என்று வேறு சிலருக்குத் தோன்றும். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நீதிமன்றம் வரை, அமெரிக்கக் கல்வித் துறை வரை போன விவகாரங்களைப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு கேள்வி எழுகிறது. விதியை மீறிய ஒரு மாணவி, தனக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி அங்கே வாய் திறக்க முடியுமா?

அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?

சிகாகோவின் மூடி பைபிள் இன்ஸ்டிடியூட்டை எடுத்துக்கொள்வோம். டி.எல். மூடி என்ற பிரசங்கியார் 1886இல் தொடங்கிய இந்த நிறுவனம், அமெரிக்காவின் மிகப் பிரபலமான பைபிள் கல்லூரிகளில் ஒன்று. வகுப்புகளோடு சேப்பல் ஆராதனையிலும் மாணவர்கள் கலந்துகொள்ள வேண்டும். அதோடு களப்பணியும் உண்டு. திருச்சபை, சிறுவர் வகுப்பு, மருத்துவமனை, சிறை என்று எங்காவது போய் ஊழியம் செய்து பழக வேண்டும். நம்மூரில் பி.எட். மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

மாணவர்கள் மது, புகையிலை, போதைப்பொருள், சூதாட்டம் எதையும் தொடக் கூடாது. இந்த வகைக் கல்லூரி விடுதிகளில் பொதுவாக ஆண்கள் தளம், பெண்கள் தளம் என்று தனித்தனியாக இருக்கும். குறிப்பிட்ட நேரம் தவிர ஒருவர் தளத்துக்கு மற்றவர் போக முடியாது. தளத்துக்கு ஒரு சீனியர் மாணவர் பொறுப்பாளராக இருப்பார். இவர் நண்பரா, அண்ணனா, கண்காணிப்பாளரா என்று கேட்டால் மூன்றும்தான்.

குறுகிய காலப் பயிற்சிகளில் பிடி இன்னும் இறுக்கம். 'யூத் வித் எ மிஷன்' என்ற உலகளாவிய அமைப்பு நடத்தும் சீஷத்துவப் பயிற்சி சுமார் ஐந்தாறு மாதம்தான். அதன் பல மையங்களில், பயிற்சி முடியும்வரை புதிதாகக் காதலிக்கத் தொடங்கக் கூடாது என்பதும் விதி.

எல்லோருக்கும் இது சிறைவாசமாகத் தெரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவின் குடியால் சிதைந்த வீட்டிலிருந்து வரும் ஒருவருக்கு, மது வாசனையே இல்லாத விடுதி பெரிய நிம்மதி. ஒரே நோக்கத்தோடு வந்த இருபது பேர் ஒரே தளத்தில் சேர்ந்து ஜெபிப்பதும் சாப்பிடுவதும் வாழ்நாள் நட்பாக மாறுவது உண்டு.

எதற்கு இத்தனை விதி?

முதல் காரணம், இறையியல். போதகர் என்பவர் பிரசங்கம் செய்யத் தெரிந்தவர் மட்டுமல்ல, பழிச்சொல்லுக்கு இடம் தராமல் வாழ்பவராகவும் இருக்க வேண்டும் என்பது இவர்களின் நம்பிக்கை. 1 தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் சபைத் தலைவருக்கான தகுதிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பேச்சாற்றலைவிட நடத்தை பற்றித்தான் அதிகம். எனவே, நடத்தையும் சிலபஸின் ஒரு பகுதி என்கிறார்கள்.

இரண்டாவது காரணம், வரலாறு. 1960கள் வரை அமெரிக்காவின் பெரும்பாலான கல்லூரிகள், மதம் சாராதவையும்கூட, இப்படித்தான் இருந்தன. கல்லூரி என்பது பெற்றோரின் இடத்தில் இருக்கிறது என்பதே அன்றைய சட்டப் பார்வை. பெண்கள் விடுதிக்கு இரவில் நேரக்கட்டுப்பாடு சாதாரணம். 1960இல் அலபாமாவில், உணவகத்தில் நிறவெறிக்கு எதிராக உட்கார்ந்து போராடிய கறுப்பின மாணவர்களை ஓர் அரசுக் கல்லூரி வெளியேற்றியது. விசாரணை வாய்ப்பே தராமல் அப்படி வெளியேற்ற முடியாது என்று 1961இல் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு பழைய பார்வை மெல்ல மெல்ல உதிர்ந்தது. மற்றவர்கள் கைவிட்டதைக் கிறிஸ்தவக் கல்லூரிகள் தக்கவைத்துக்கொண்டன.

சட்டப்படி இது செல்லுமா?

பெரும்பாலும் செல்லும். மேலே சொன்ன 1961 தீர்ப்பு அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும்தான். தனியார் கல்லூரி தனக்கென விதி வகுக்கலாம். மாணவர் கையேட்டை ஒருவகை ஒப்பந்தமாகவே அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் பார்க்கின்றன.

கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்தபோது, மத அமைப்புகள் நடத்தும் கல்லூரிகளுக்கு அதிலேயே விலக்கு தரப்பட்டது. தங்கள் மத நம்பிக்கையோடு முரண்படும் இடத்தில் அந்தச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. இந்த விலக்கை எதிர்த்து, மதக் கல்லூரிகளில் படித்த பாலினச் சிறுபான்மை மாணவர்கள் 2021இல் வழக்குப் போட்டார்கள். 2023இல் அது தள்ளுபடியானது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஆனால் எல்லை இல்லாமல் இல்லை. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம், வேறு வேறு இனத்தைச் சேர்ந்த மாணவர்கள் காதலிக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. பைபிள்படிதான் என்று அதற்கு விளக்கமும் சொன்னது. 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில், அதன் வரிவிலக்கை அரசு ரத்து செய்தது சரியே என்று தீர்ப்பளித்தது. விதியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் வரிச்சலுகை கிடையாது என்பதுதான் அதன் பொருள்.

கனடாவில் டிரினிட்டி வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் சட்டக் கல்லூரி தொடங்க விரும்பியது. அங்கே சேர, ஆண்-பெண் திருமணத்துக்கு வெளியே பாலுறவு கொள்வதில்லை என்ற உடன்படிக்கையில் மாணவர்கள் கையெழுத்திட வேண்டும். தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு இது கதவை மூடுகிறது என்று சொல்லி, வழக்கறிஞர் சங்கங்கள் அங்கீகாரம் தர மறுத்தன. 2018 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தச் சங்கங்களின் பக்கம் நின்றது. இரண்டே மாதத்தில், மாணவர்களுக்கு அந்த உடன்படிக்கை கட்டாயமில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

சரி, சிக்கல் எங்கே தொடங்குகிறது?

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நண்பர்களோடு வெளியே போகிறாள். ஒரு பீர் குடிக்கிறாள். நேரம் தாண்டி ஒரு பையனின் அறையில் இருக்கிறாள். அங்கே அவள் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். புகார் கொடுக்க வேண்டுமானால் அவள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது தன்னுடைய மூன்று விதிமீறல்களை. 'சொன்னா நீயும் மாட்டுவே' என்பது அந்தப் பையனுக்கும் தெரியும்.

வர்ஜீனியாவின் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் எழுந்தது இப்படிப்பட்ட குற்றச்சாட்டுதான். 1971இல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர் லிஞ்ச்பர்க் பாப்டிஸ்ட் கல்லூரியாகத் தொடங்கியது, இன்று மிகப்பெரிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. அதன் நடத்தை விதித் தொகுப்பின் பெயர் 'லிபர்ட்டி வே'. 2021இல் 12 பெண்கள் பெயர் வெளியிடாமல் வழக்குத் தொடுத்தார்கள். இந்த விதிகளைக் காட்டியே புகார்கள் அடக்கப்பட்டன என்பது அவர்கள் வாதம். அந்த வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது.

கல்வி வளாகக் குற்றங்களை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்று சொல்லும் 'கிளெரி சட்டம்' அமெரிக்காவில் இருக்கிறது. அதை மீறியதற்காக 2024 மார்ச்சில் கல்வித் துறை லிபர்ட்டிக்கு 1.4 கோடி டாலர் அபராதம் விதித்தது. அந்தச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்ட அபராதங்களிலேயே இதுதான் அதிகம். பாதிக்கப்பட்டவர்கள் விதிமீறலுக்காகத் தண்டிக்கப்பட்டதும், தாக்கியவர்கள் தப்பியதும் துறையின் கண்டறிதல்களில் இருந்தன. பழைய குறைகளைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஆனால் மற்றவர்களைவிடத் தன்னைக் கடுமையாக நடத்திவிட்டதாகவும் சொன்னது.

இதற்குத் தீர்வே இல்லையா? இருக்கிறது. மார்மன் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2016இல் இதே பிரச்சினை வெடித்தது. பாலியல் வன்முறை பற்றிப் புகார் செய்த மாணவிகள் மீதே நடத்தை விதி விசாரணை பாய்ந்தது வெளியே வந்தது. அந்த ஆண்டே பல்கலைக்கழகம் ஒரு மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டது. புகார் கொடுப்பவர் அந்தச் சம்பவத்தின்போது விதியை மீறியிருந்தாலும் அதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார். மதுவுக்கான தடை அப்படியேதான் இருக்கிறது. திருமணத்துக்கு வெளியே உறவு கூடாது என்பதும் அப்படியேதான். வாயை மூடவைத்த பயத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலே இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பது அடுத்த விஷயம். தளப் பொறுப்பாளரிலிருந்து டீன் வரை அதை நம்பி நடக்க வேண்டும். மாணவரும் அதை நம்ப வேண்டும்.

விதிகள் மாறவே மாறாதா?

மாறுகின்றன, ஆனால் மெதுவாக. இல்லினாயின் வீட்டன் கல்லூரி, 143 ஆண்டு வரலாற்றில் முதல்முறையாக 2003இல்தான் வளாகத்தில் மாணவர்கள் நடனமாட அனுமதித்தது. மூடி 2013இல், தன் ஊழியர்கள் மது அருந்தக் கூடாது என்ற விதியைத் தளர்த்தியது. மாணவர்களுக்கான தடை தொடர்ந்தது. பாப் ஜோன்ஸ், வரிவிலக்கை இழந்த பிறகும் 17 ஆண்டுகள் தன் விதியை விடவில்லை. 2000இல் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ் அங்கே பேசப்போய் நாடே கேள்வி கேட்ட பிறகுதான் கைவிட்டது. 2008இல் தன் பழைய இனக் கொள்கைகளுக்காக மன்னிப்பும் கேட்டது.

ஒரு காலத்தில் பைபிள் கட்டளை என்று சொல்லப்பட்ட விதி, பிறகு பிழை என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. இடையில் அந்த விதியால் வெளியேற்றப்பட்டவர்களின் படிப்பு திரும்பி வராது.

கையெழுத்துக்கு முன்னால்

தமிழ்நாட்டிலிருந்தும் இத்தகைய கல்லூரிகளுக்குப் படிக்கப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ரிஸ்க் கூடுதல். எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவரைக் கல்லூரி வெளியேற்றினால் அவரது விசா நிலையும் ஆட்டம் காணும். மாணவர் நிலையை இழந்தவருக்கு, நாட்டை விட்டுக் கிளம்பச் சட்டம் தனியாகக் கால அவகாசம் எதுவும் தருவதில்லை. சபையும் சொந்தக்காரர்களும் சேர்ந்து பணம் கட்டி அனுப்பிய பையன் பாதியில் திரும்பினால் ஊரில் என்ன பேச்சு வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இத்தனையும் தோளில் இருக்கும்போது ஒருவர் வாய் திறப்பது இன்னும் கடினம்.

எனவே போகிறவரும் அனுப்புகிற வீட்டாரும் கையேட்டில் நான்கு விஷயங்களைத் தேட வேண்டும். பாலியல் வன்முறை பற்றிப் புகார் கொடுப்பவருக்கு விதிமீறல் தண்டனை இல்லை என்று எழுத்தில் இருக்கிறதா? விசாரிப்பவர் யார், முறையீடு செய்ய வேறொருவர் இருக்கிறாரா? பாதியில் வெளியேறினால் படித்த கிரெடிட்டை வேறு கல்லூரி ஏற்குமா? கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? பைபிள் கல்லூரி கிரெடிட்டுகளை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை என்பதால் மூன்றாவது கேள்வியும் முக்கியம்.

இந்தக் கேள்விகளை மெயிலில் கேட்டால் நல்ல கல்லூரி கோபித்துக்கொள்ளாது, பக்க எண்ணோடு பதில் அனுப்பும். 'ஊழியத்துக்கு வருகிறவர் இதையெல்லாம் கேட்கலாமா?' என்று பதில் வந்தால், கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது நல்லது.