கறுப்பை வெட்டினால் ஜோதியும் போகும்

கொஞ்சம் கோபத்தோடதான் எழுதுறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷத் திருவிழா பேனரை அம்பாங்கில் பலர் பார்த்திருப்பீங்க. அம்மனுக்குத் தீபாராதனை காட்டும் படம். அதைப் பார்த்து ஒரு பாட்டி, "என்னப்பா, மஞ்சக் காகிதத்த வெட்டி ஒட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார். எங்களுக்கு வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். அனுமதி வாங்கி எடுத்த அருமையான படம். "பின்னால கறுப்பா இருக்கு, மங்களமா இல்ல, மஞ்சள் போடுங்க" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். தம்பிமார் ஒரே தட்டில் பின்னணியை நீக்கும் ஆப்பில் போட்டார்கள். அது சுடரைச் சுற்றிக் கத்தரிக்கோல் போட்ட மாதிரி வெட்டிவிட்டது. ஓரமெல்லாம் கறுப்புப் பிசிறு. சூடப் புகை, சுடரைச் சுற்றியிருந்த ஒளி எல்லாம் போச்சு. ஃபேக்டரியில் ஓரம் பிசிறடித்த பொருளை நாங்கள் ரிஜெக்ட் பெட்டியில் போடுவோம். கோயிலுக்கு மட்டும் பரவாயில்லையா?

வெளிச்சத்துக்கு ஏதுங்க ஓரம்? மஞ்சள், செம்மஞ்சள் என்று தேய்ந்து தேய்ந்து இருட்டில் கலந்துவிடும். அதைக் கோடு போட்டு வெட்டவே கூடாது. ஃபோட்டோஷாப்பில் சுடர் படத்தை மேல் லேயரில் வைத்து 'ஸ்கிரீன்' மோடுக்கு மாற்றுங்க. சுத்தக் கறுப்பு தானாக மறையும், வெளிச்சம் மட்டும் கீழ்ப் படத்தோடு சேரும். கறுப்பு சாம்பலாத் தெரிஞ்சா லெவல்ஸில் கொஞ்சம் இறக்கணும், அவ்வளவுதான். இலவசமா கிடைக்கிற ஃபோட்டோபீயிலும் இது உண்டு.

ஆனால் கீழே மஞ்சளோ வெள்ளையோ இருந்தால் ஸ்கிரீனும் உதவாது. பட்டப்பகலில் அகல் ஏற்றிய கதைதான், சுடர் கரைந்துபோகும். அதனால பேனரே இருட்டாத்தான் இருக்கணும்.

கறுப்பு மங்களமில்லையாம்! கருவறைக்கு ஜன்னல் பார்த்திருக்கீங்களா? அந்த இருட்டில் தீபம் காட்டும்போதுதானே அம்மன் முகம் தெரியுது, கை தானாகக் கன்னத்துக்குப் போகுது? தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது ராத்திரியில்தானே? திருவண்ணாமலையில் மகாதீபம் ஏற்றுவது பொழுது சாயும்போதுதானே? அந்த ஜோதியை வெட்டி மஞ்சளில் ஒட்டிப் பாருங்க, தெரியும்.

வேலை முடிந்து ராத்திரியில் உட்கார்ந்து செய்த தம்பிமார் மேல் குற்றமில்லை. கறுப்பை எடு என்று சொன்னவர்களிடம்தான் அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறோம்.

திருவிழாப் படம் வைத்திருப்பவர்கள் வாட்சாப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, இருட்டுப் பகுதி கட்டம் கட்டமா உடைஞ்சிடுது.